மதினி சொன்ன எஞ்சின்

காரைக்குடியில் கடல் கிடையாது. ஆனாலும் அந்த வியாழக்கிழமை காலையில் செக்காலைப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு படகு நின்றது.

வெள்ளையும் நீலமுமாக, ட்ரெய்லர் வண்டியின் மேல் ஏறி, காலி மனையிலிருந்து தெருவுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'சூசைமரியான்' என்று எழுதியிருந்தது. பால் வாங்கப் போனவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுச் சுபலட்சுமிதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏன் ஷீலா, இத எந்தக் கம்மாயில விடப் போறீக?"

ஆரோக்கிய ஷீலா சிரித்து வைத்தாள். முந்தின நாள் சாயங்காலம் படகு வந்து இறங்கியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் என்னவென்று போன வாரமே நமக்குத் தெரியும். இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஷீலாவின் கணவன் அந்தோணி பிரபு வேன் ஓட்டுகிறவன். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களை ஆத்தங்குடிக்கும் காளையார்கோவிலுக்கும் கூட்டிப் போவது அவன் தொழில். போனில் ஆள் பிடிப்பதும், அவர்களுக்குப் பதில் எழுதுவதும் ஷீலா. பிரபுவின் தம்பி டோனி தொண்டியில் இருக்கிறான். விசைப்படகில் வளர்ந்தவன். அண்ணனிடம் ஆட்கள் இருக்கிறார்கள், தம்பியிடம் கடல் இருக்கிறது, வருகிறவர்களை ஒரு நாள் உல்லாசப் படகில் ஏற்றினால் என்ன என்று குடும்பம் கூடி யோசித்ததன் பலன்தான் தெருவில் நிற்கிறது.

குடும்பம் கூடி யோசித்தது என்று சொன்னேனே, அதில் ஒரு சங்கதி உண்டு. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அப்பா சூசைமரியான் இறந்த அன்று டோனி நடுக்கடலில் இருந்தான். அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று பிரபு சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டான். டோனி ஈரக் கைலியோடு கல்லறைக்கு ஓடி வந்தபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "என் அப்பன் மொகத்த மூட நீ யாரு?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டான். அதுதான் அவன் அண்ணனிடம் பேசிய கடைசி வார்த்தை.

அதற்கப்புறம் அவர்கள் சண்டை போட்டதில்லை. கோவிலில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒரே சட்டியில் மீன் குழம்பு ஊற்றிக்கொள்வார்கள். பேச்சு மட்டும் ஷீலா வழியாகப் போய் ஷீலா வழியாக வரும்.

படகுக்கு என்ன எஞ்சின் என்ற கேள்வியும் அப்படித்தான் போய் வந்தது. டோனி டீசல் என்றான். பிரபு, "அவன் கடல் தெரிஞ்சவன், அவன் எதச் சொல்றானோ அதப் போடச் சொல்லு" என்றான். நடுவில் நின்ற ஷீலா, கணவனிடம் "தம்பி பெட்ரோலே போதும்ங்கிறாக" என்றாள். கொழுந்தனிடம் "உங்கண்ணன் பெட்ரோல்தான்னு முடிவா இருக்காக" என்றாள். படகு பெட்ரோல் எஞ்சினோடு வந்துவிட்டது.

அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முந்தின வருஷம் வாடகைக்குப் பிடித்த டீசல் படகில் போன ஒரு தம்பதி, புகையில் தலைவலி வந்ததென்றும் சத்தத்தில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லையென்றும் நீளமாகத் திட்டி எழுதியிருந்தார்கள். அதைப் படித்து மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியவள் ஷீலா. பெட்ரோல் எஞ்சின் எடை குறைவு, சத்தம் குறைவு, கிளம்பினால் பறக்கும் என்று படகு கட்டுகிற கம்பெனிக்காரர் சொன்னதும் அவளுக்கு மனது அதில் ஒட்டிக்கொண்டது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதைத் தன் வாயால், தன் பேரில் சொல்ல மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஷீலா, எண்ணெ ஊத்தியாச்சான்னு கேளு." உள்ளேயிருந்து மாமியார் அடைக்கலமேரியின் குரல் வந்தது.

"இன்னும் இல்ல அத்தை. நாளைக்குத் தொண்டிக்குப் போய்ப் பெட்ரோல் ஊத்திக்கிருவாக."

"அதெப்படி? வெறுந் தொட்டியோட சாமியாரு மந்திரிக்கவா? புது வீட்டுக்குப் போறப்ப வெறும் அரிசிப் பானையோடயா போனோம்? நெறக்க ஊத்தச் சொல்லு. நெறஞ்சதத்தான் மந்திரிக்கணும்."

அடைக்கலமேரி சொன்னால் சொன்னதுதான். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகை மந்திரிப்பதாக ஏற்பாடு. சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தொண்டிக்கு நேரே போக வேண்டிய படகு இங்கே வந்து நிற்கிறது.

மந்திரிப்புக்காக வந்திருந்த டோனி கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே பிரபு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் செம்புதான் இருந்தது.

"மதினி, எம்புட்டு ஊத்தணும்னு அண்ணங்கிட்டக் கேளுங்க" என்றான் டோனி.

"நெறக்க ஊத்தச் சொல்லு. அம்மா சொல்லுதுல்ல" என்றான் பிரபு பேப்பரை இறக்காமல்.

"நெறக்க ஊத்தச் சொல்றாக தம்பி."

"சரி. கேன் எங்குட்டு இருக்குன்னு கேளுங்க."

"வேனுக்குப் பின்னால இருக்குன்னு சொல்லு."

ஷீலா அந்தச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இப்படி இருவரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது ஒரு காலத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் அவள் இல்லாமல் ஒரு வேலையும் நகராது என்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காக அவள் வேறு சிலவும் செய்திருக்கிறாள். அதை இன்று நினைக்க வேண்டாம் என்று அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

நினைக்க வேண்டியது அவள் போனிலேயே இருந்தது. படகை அனுப்பும்போது கம்பெனிக்காரர் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். ரோட்டில் குலுங்கி வரும், அதனால் பெட்ரோல் குழாய்க் கிளிப்புகளை இறக்கியதும் ஒரு முறை முடுக்கிவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, படகின் வயிற்றுக்குள்ளேயே தங்கும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, வாடை இல்லையென்றால் உள்காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, அப்புறம்தான் சாவி. "டீசலுக்கு இதெல்லாம் தேவையில்லீங்க. இதுக்குக் கண்டிப்பா வேணும். ஓட்டுறவரு கிட்டச் சொல்லிருங்க" என்று முடித்திருந்தார்.

சொல்லவில்லை. சொன்னால் டோனி, "இதுக்குத்தான மதினி நான் டீசல் கேட்டேன்" என்பான். பிரபுவின் காதில் அது விழும். அதோடு முடிந்தது அவள் கதை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இப்படி நினைப்பது முந்தின நாளிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது.

டோனி வெயிலில் நின்று கேன் கேனாக ஊற்றிக்கொண்டிருந்தபோது அவனுக்கு மோர் கொண்டுபோனாள். தெருவே பெட்ரோல் வாடை அடித்தது.

"கனமே இல்ல மதினி, பொம்ம மாதிரி இருக்கு" என்றான் எஞ்சினைப் பற்றி. "டீசல்னா கனம்தான். சத்தம்தான். ஆனா நம்ம சனம் அத்தன பேருக்கும் அதத்தான் பிரிச்சு மாட்டத் தெரியும். தொறைக்குள்ளயே டீசல் கெடைக்கும். இதுக்கு டவுன்ல இருந்து கேன்ல தூக்கிட்டு வரணும். ஆள ஏத்திட்டுப் போறப்ப மடியில நெருப்பக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும் எனக்கு."

ஷீலா "தம்பி..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க மதினி. அண்ணன் ஆசப்பட்டாருன்னா சரிதான். அப்பா பேரு எழுதச் சொன்னது அவருதான? அதுவே போதும் எனக்கு. எஞ்சின்ல போய் மல்லுக்கு நிக்கவா?"

அவன் மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளே பிரபு சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு, "தம்பிக்குப் பிடிச்சிருக்காமா?" என்று கேட்டான். கேட்ட விதத்தில் ஒரு பயம் இருந்தது. தம்பிக்குப் பிடிக்க வேண்டுமே என்ற பயம்.

"அவன் கேட்டதத்தான வாங்கியிருக்கோம். பிடிக்காம என்ன" என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான்.

அந்த நிமிஷம் ஷீலாவுக்குத் தன்னைக் கண்டாலே ஆகவில்லை. யாராவது அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாம் அவள் கட்டிவிட்டது.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோவிலூரிலிருந்து பிரபுவின் மாமன் மக்கள் வந்தார்கள். படகின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவினார்கள். பகலெல்லாம் வெயிலில் மூடிக் கிடந்ததில் குப்பென்று ஒரு வெக்கை வந்தது. பெட்ரோல் வாடையும் வந்தது. காலையிலிருந்து எல்லோர் மூக்கிலும் அது ஏறியிருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். அடைக்கலமேரி பட்டுச் சேலை கட்டி, கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு ஏணிப்பக்கம் போனாள். ஜெபம் முடிகிறபோது புருஷன் பேர் வைத்த படகில், ஓட்டுகிற டோனியைத் தவிர, அவள்தான் முதலில் ஏற வேண்டும், எஞ்சின் மூடியின் மேல் அந்தத் திரியை வைக்க வேண்டும், பிறகு டோனி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் காட்ட வேண்டும். இது எல்லாம் அவள் வகுத்த முறை. தண்ணீர் பாய்ந்து குளிர்விக்காமல் எஞ்சின் ஓடக் கூடாதென்பதால் வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் இழுத்து மாட்டியிருந்தார்கள். டோனி தலையசைக்கும்போது குழாயைத் திறந்துவிடுவது ஷீலாவின் வேலை.

அவள் ஹோஸ் முனையைச் சரிபார்க்கப் படகின் பின்பக்கம் குனிந்தாள்.

மண் ஈரமாக இருந்தது.

படகின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துவாரம் உண்டு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் ஒரு தட்டு அளவுக்கு நனைந்திருந்தது. ஹோஸ் ஏற்கனவே திறந்திருக்கிறதோ என்று குழாயைத் திரும்பிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. விரலால் தொட்டு மோந்தாள்.

தண்ணீர் இல்லை, பெட்ரோல்.

மேலே ஏணியில் அடைக்கலமேரி இரண்டாவது படியில் கால் வைத்திருந்தாள். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்க, மறு கையில் திரி எரிந்தது. காற்றுக்குப் பிரபு உள்ளங்கையால் மறைத்துப் பிடித்திருந்தான்.

ஷீலா ஓடினாள். மாமியாரின் கையைப் பிடித்துத் திரியை வெறும் விரலால் நசுக்கினாள். மெழுகு சுட்டது தெரியவில்லை. சாமியார் ஜெபத்தை நடுவில் நிறுத்தினார்.

"என்னடி செய்யிற?" அடைக்கலமேரியின் முகம் வெளிறிவிட்டது. மந்திரிப்புத் திரியை அணைப்பது என்ன சகுனம் என்று அவள் மனது எங்கேயோ போய்விட்டது.

"பெட்ரோல் ஒழுகுது அத்தை. கீழ எறங்குங்க."

மேலே ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த டோனி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "காலைல ஊத்துறப்பச் சிந்துனதா இருக்கும் மதினி. பயப்படாதீக. ஒரு தடவ ஓட விட்டாச் சூட்டுல காஞ்சிரும்." இத்தனை வருஷம் டீசலோடு பழகிய கை சாவிக்குப் போனது.

"தம்பி, தொடாதீக." ஷீலாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "சாவியத் திருப்புனாத் தீப் பிடிக்கும். ஆவி உள்ளுக்குள்ளயே நிக்குமாம். மூடியத் தெறந்து பாத்து, ஃபேன் போட்டு, அப்பறந்தான் திருப்பணுமாம். வந்து எறங்குனதும் குழாயெல்லாம் முடுக்கணுமாம். கம்பெனிக்காரரு எங்கிட்டச் சொல்லிவிட்டாரு. நான் உங்ககிட்டச் சொல்லல."

டோனி கையை எடுத்துவிட்டான். "ஏன் சொல்லல?"

"சொன்னா, இதுக்குத்தான டீசல் கேட்டேன்னு சொல்லுவீக."

"ஆமா, கேட்டேன். அண்ணன்தான வேணாம்னாரு."

"நானா?" என்றான் பிரபு.

தெருவில் நின்ற அத்தனை பேரும் அந்த இரண்டெழுத்தைக் கேட்டார்கள். அப்பனின் கல்லறையிலிருந்து இன்று வரை அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பேசிவிட்டோம் என்பது பிரபுவுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"நான் எப்ப வேணாம்னேன்? நீ பெட்ரோல் போதும்னு சொன்னதா..." அவன் பாதியில் நிறுத்தி மனைவியைப் பார்த்தான்.

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பி டீசல்தான் சொன்னாக. அவுக சொன்னதப் போடச் சொன்னீக நீங்க. பெட்ரோல் சொன்னது நான்."

அப்புறம் நடந்ததெல்லாம் டோனியின் காரியம். எல்லோரையும் எதிர்ச் சாரிக்குப் போகச் சொன்னான். கையில் இருந்த போன்களையும் தூரமாக எடுத்துப் போகச் சொன்னான். ஒரு சுவிட்சையும் தொடாமல் மெல்ல எஞ்சின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து வந்த வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு கிளிப் கழன்று குழாய் நழுவிக் கிடந்தது. அடியில் பெட்ரோல் குளம் கட்டியிருந்தது. வெளியே வடிந்தது அதில் கொஞ்சம்தான். திரி அந்த மூடியின் மேல் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவன் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்தது.

சாமியார் நல்ல மனிதர். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுபலட்சுமி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "தொண்டிக்கே வந்து மந்திரிக்கிறேன். மெழுகுவர்த்தி வேணாம், தீர்த்தம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடைக்கலமேரி உள்ளே போய், சூசைமரியான் படத்துக்கு எதிரில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் ஷீலா அழுதிருப்பாள். திட்டாததால் அழக்கூட வழியில்லாமல் அடுப்படியில் காபி போட்டாள்.

காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. திறந்த மூடிக்குள் காற்று போய் வந்துகொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் வேனின் படியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாத்திக் கேட்டாக் கம்பெனிக்காரன் குடுப்பானா?" என்று பிரபு கேட்டான்.

"குடுக்க மாட்டான். டீசல் எஞ்சின் இந்தப் படகு தாங்காதுண்ணே, கனம். ஆனா இதையே பதவிசா வச்சுக்கிட்டா ஓடும். மதினி சொன்னதும் தப்பில்ல, வர்றவுகளுக்குச் சத்தம் ஆகாதுதான். என்ன, எங்கிட்ட நேரச் சொல்லியிருக்கலாம்."

"நானாவது உன்னக் கூப்பிட்டு நேரக் கேட்டிருக்கலாம்" என்றான் பிரபு. பிறகு, பழக்கமில்லாத ஊரில் நடப்பவனைப் போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். "எட்டு நாள் பத்து நாள்னு ஆரம்பிச்சது, இம்புட்டு வருசம் போயிருச்சுடா."

டோனி கொஞ்ச நேரம் படகில் எழுதியிருந்த பேரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அப்பவே சொல்லிவிட்டேனேண்ணே. நீங்கதான் பதிலே சொல்லல."

"என்ன சொல்லிவிட்ட?"

"போன பெரிய வெள்ளிக்கு. நீங்க பெட்டிய மூடுனது சரிதான், கல்லறைல நான் பேசுனதுதான் தப்பு, மன்னிச்சுக்கிருங்கன்னு மதினிகிட்டச் சொல்லிவிட்டேன்."

ஷீலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிரபுவின் குரல் இறங்கியிருந்தது.

"உனக்காக ஒரு பொழுது காத்திருந்திருக்கணும், அவசரப்பட்டுட்டேன்னு நானும் உனக்குச் சொல்லிவிட்டேன். அதே பெரிய வெள்ளிக்குத்தான்."

இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் திரும்பி ஷீலாவைப் பார்த்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவள் அவள். அவளுக்காகப் போய்ச் சொல்லி வர அந்த வீட்டில் யாரும் இல்லை.